இரண்டாவது குடி

‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற வாசகத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. முதல் குடி என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது குடியைத்தான் நாம் வசதிக்கேற்பப் படித்துக்கொள்கிறோம். குடும்பம் என்று படித்தால் அடகுக்குப் போன நகை, பாதியில் நின்ற பள்ளிக்கூடம், ராத்திரியில் விழும் அடி எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லுக்கு வம்சம் என்றும் பொருள் உண்டு. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் போகிற பெரியவர்கள், அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து ‘பையனோட அப்பா தண்ணி போடுவாரா?’ என்று மெதுவாகக் கேட்பது இந்தப் பொருளில்தான். குடிக்கிறவனின் ரத்தத்தில் ஏதோ கெட்டுப்போகிறது, அது பிள்ளைக்கும் இறங்கும் என்கிற பயம்.

இந்தப் பயம் ஐரோப்பாவில் முக்கால் நூற்றாண்டு காலம் விஞ்ஞானமாகவே இருந்தது. பிறகு ஆதாரமில்லை என்று ஓரமாகத் தள்ளப்பட்டது. அதற்கும் பிறகு, யாரும் எதிர்பார்க்காத வாசல் வழியாக, பாதி உண்மையாகத் திரும்பி வந்தது. எந்தப் பாதி என்பது முக்கியம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பேசியவர்கள் லட்சக்கணக்கான மனிதர்களை அறுவை மேசையில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

1857இல் பெனெடிக்ட் மோரெல் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் மனித இனத்தின் சீரழிவுகள் பற்றித் தடிமனான ஒரு நூலை வெளியிட்டார். ரூவான் நகரத்தை ஒட்டிய மனநலக் காப்பகத்தின் தலைமை மருத்துவர் அவர். அவர் வரைந்த படிக்கட்டு எளிமையானது. முதல் தலைமுறையில் ஒழுக்கக் கேடும் மிதமிஞ்சிய பழக்கமும். இரண்டாவதில் வலிப்பும் குடியும். மூன்றாவதில் பைத்தியமும் தற்கொலையும். நான்காவதில் மூளை வளர்ச்சியின்மையும் மலடும். அதோடு அந்த வம்சம் முடிந்தது. இந்தப் படிக்கட்டின் மேல்படியில் மது உட்கார்ந்திருந்தது. மோரெல் கடவுள் நம்பிக்கையுள்ளவர். ஆதாமிலிருந்து விலகி விழுவதைத்தான் அவர் சீரழிவு என்றார். விவிலியத்தின் ‘தந்தையின் பாவம்’ மருத்துவக் கோட்டு அணிந்து வந்ததென்று எனக்குத் தோன்றும்.

மருத்துவர்கள் எழுதியதைவிட ஒரு நாவலாசிரியர் எழுதியதால்தான் இந்தக் கருத்து வீட்டுக்கு வீடு போனது. எமில் ஸோலாவின் ரூகோன்-மக்கார் வரிசையில் 20 நாவல்கள். எல்லாம் ஒரே குடும்பத்தின் கிளைகள். 1877இல் வந்த ‘லசொம்வார்’ நாவலில் சலவைக்காரி ஜெர்வேஸ், கூரையிலிருந்து விழுந்தபின் குடியில் மூழ்கும் கணவன் கூப்போ, கடைசியில் இருவருமே அழிவது. அதோடு விடவில்லை ஸோலா. ஜெர்வேஸின் மகன் எத்தியேன் ‘ஜெர்மினல்’ நாவலில் சுரங்கத் தொழிலாளியாக வருகிறான். ஒரு மடக்கு உள்ளே போனால் யாரையாவது கொல்ல வேண்டும் என்ற வெறி அவனுக்குள் எழுகிறது. இன்னொரு மகன் ழாக், குடிக்காமலேயே கொலைவெறியைச் சுமக்கிறான். முன்னோர் குடித்ததற்கு இவன் விலை கொடுக்கிறான். நடுவில் வந்த ஒரு நாவலோடு இந்தக் குடும்பத்தின் வம்ச மரத்தையே படமாக அச்சிட்டு இணைத்தார் ஸோலா. நாவலாக ‘லசொம்வார்’ இன்றும் கை நடுங்க வைக்கும் படைப்பு. மரபியலாக அது ஜாதகம்.

ஸோலா எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஜெர்மனியில் அகுஸ்ட் வைஸ்மன் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பின் செல்கள் வேறு, வித்தின் செல்கள் வேறு. உடம்புக்கு நேர்வது வித்துக்குள் எழுதப்படாது. எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார், குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. அப்படியானால் அப்பன் குடித்த சாராயம் மகனுக்கு எப்படி இறங்கும்? இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தவர் சூரிச் நகரின் பூர்கோல்ஸ்லி மனநல மருத்துவமனையை நடத்திய அகுஸ்ட் ஃபொரேல். மது உடம்பை மாற்றி அந்த மாற்றம் வித்துக்குப் போவதில்லை. மதுவே நேரடியாக வித்தைப் போய் நனைத்து விஷமாக்குகிறது என்றார். அதற்கு ‘பிளாஸ்டோப்தோரியா’ என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். வித்துக்கேடு என்று நாம் சொல்லலாம். ஃபொரேல் சாதாரண ஆள் இல்லை. எறும்புகளைப் பற்றி உலகிலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர், நரம்பணு பற்றிய முன்னோடி, மதுவிலக்குப் போராளி. சுவிட்சர்லாந்தின் 1000 ஃபிராங்க் நோட்டில் இருபது வருஷத்துக்கு மேல் அவர் முகம் இருந்தது. மனநோயாளிகளுக்குக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை ஐரோப்பாவில் முதலில் செயல்படுத்தியவர்களில் ஒருவரும் அவரே. நல்லது செய்யக் கிளம்பியவர்களின் பட்டியலில்தான் இந்தப் பெயரும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

1910ஆம் வருஷத்துக்கு வருவோம். இந்தக் கதையில் அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காகிதங்கள் வெளியாயின. ஒன்றைப் பற்றி லண்டனே கூச்சல் போட்டது. இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை.

கூச்சலுக்குக் காரணமானவர் கார்ல் பியர்சன். புள்ளியியலின் தந்தைகளில் ஒருவர், லண்டனில் கால்டன் இனமேம்பாட்டு ஆய்வகத்தின் தலைவர். அவரும் எதெல் எல்டர்டனும் எடின்பரோ, மான்செஸ்டர் நகரங்களின் பள்ளிப் பிள்ளைகள் பற்றிய விவரங்களை எடுத்துக்கொண்டு, குடிக்கிற பெற்றோரின் பிள்ளைகளையும் குடிக்காத பெற்றோரின் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். உயரம், எடை, அறிவு, கண்பார்வை. குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. மதுவிலக்கு இயக்கம் கொதித்தது. பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவருடைய மாணவர், அப்போது இளைஞராக இருந்த ஜான் மேனார்ட் கீன்ஸ், புள்ளியியல் சங்கத்தின் இதழில் அந்த அறிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

கீன்ஸ் தரப்பின் வாதத்தை நான் ரொம்பவும் ரசிக்கிறேன். நீங்கள் ஒரே ஏழைத் தெருவில் வசிப்பவர்களைத்தானே ஒப்பிட்டீர்கள்? குடிக்காத ஒருவன் ஏன் அந்தத் தெருவில் இருக்கிறான்? குடிகாரனும் அவனும் ஒரே கூலிதான் வாங்குகிறார்கள் என்றால், குடிக்காதவனுக்கு வேறேதோ குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தெம்புள்ள ஆள் குடித்துக் கெட்டு அங்கே வந்து சேர்ந்திருக்கிறான். தெம்பில்லாத ஆள் குடிக்காமலேயே அங்கே இருக்கிறான். இவர்களுடைய பிள்ளைகள் சமமாக இருப்பதில் மதுவைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? இன்றைக்கும் மது ஆய்வுகளில் ‘குடிக்காதவர்கள்’ என்ற கூட்டத்துக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டால் இதே சிக்கல்தான் எழும்.

ஆனால் பியர்சன் மதுவுக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய கணக்கில் குடி காரணமில்லை, அறிகுறி. கெட்ட வம்சம் என்பதால் குடிக்கிறான். குடித்ததால் வம்சம் கெடவில்லை. மோரெலின் படிக்கட்டைவிட இது இன்னும் கொடூரம். மோரெலின் உலகத்தில் குடியை நிறுத்தினால் மீட்சி உண்டு. பியர்சனின் உலகத்தில் அந்த வம்சத்தையே நிறுத்தினால்தான் உண்டு.

விலங்குகளிடம் கேட்கலாமே என்று சிலர் போனார்கள். நியூயார்க்கில் சார்ல்ஸ் ஸ்டாக்கர்ட் கினி எலிகளைத் தொட்டியில் அடைத்துச் சாராய ஆவியைச் சுவாசிக்க வைத்தார், நாள்தோறும், வருஷக்கணக்கில். அவற்றின் குட்டிகளும், அந்த ஆவியைச் சுவாசிக்கவே செய்யாத பேரக் குட்டிகளும் ஊனத்தோடு பிறந்ததாக எழுதினார். ஏறத்தாழ அதே சமயத்தில் ரேமண்ட் பெர்ல் கோழிகளிடம் இதையே செய்து பார்த்தார். குஞ்சுகள் மோசமாகவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் தேவலையாகவே இருந்தன. பலவீனமான வித்துகளை மது கொன்றுவிடுகிறது, பலமுள்ளவை மட்டும் மிஞ்சுகின்றன என்று அவர் விளக்கம் சொன்னார். (பெர்ல், பால்டிமோரில் மதுவிலக்குக் காலத்திலும் எழுத்தாளர் மென்கெனோடு சேர்ந்து சனிக்கிழமை ராத்திரிகளில் இசையும் பீருமாக உட்கார்ந்திருந்த மனிதர். முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே நம்புவோம்.) 1932இல் இங்கிலாந்தில் ஃபுளோரன்ஸ் டர்ஹமும் ஹெலன் வுட்ஸும் ஸ்டாக்கர்டின் சோதனையைக் கினி எலிகளிடம் கவனமாகத் திரும்பச் செய்தார்கள். பரம்பரையாக இறங்கும் கேடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த அறிக்கை வந்த அடுத்த வருஷம், 1933 ஜூலை 14 அன்று, ஜெர்மனியில் ஹிட்லரின் அரசு ‘பரம்பரை நோயுள்ள வாரிசுகளைத் தடுக்கும் சட்டம்’ கொண்டு வந்தது. பிறவி மனவளர்ச்சிக் குறைவு, மனச்சிதைவு, வலிப்பு, பரம்பரைக் குருடு, செவிடு என்று பட்டியல் போகிறது. அதற்குக் கீழே தனி வரியாக இன்னொன்று: கடுமையான குடிப்பழக்கம் உள்ளவரையும் கருத்தடைக்கு உட்படுத்தலாம். அதைப் பரம்பரை நோய்களின் பட்டியலுக்குள் வைக்க அவர்களுக்கே தயக்கம் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் தனி வரி. தயக்கம் கத்தியை நிறுத்தவில்லை. ‘பரம்பரை நல நீதிமன்றங்கள்’ என்று பெயர் வைத்து, மருத்துவர்களும் நீதிபதியுமாக உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் மொத்தமாக நான்கு லட்சம் பேர் வரை கருத்தடை செய்யப்பட்டார்கள். அந்தத் தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ரத்து செய்தது 1998இல்.

போருக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவே விஞ்ஞானிகள் கூசினார்கள். அது மட்டும் காரணமில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு தோற்று 1933இல் முடிந்திருந்தது. மதுவைக் குறை சொல்கிறவன் சாமியார் மாதிரிப் பேசுகிறான் என்ற எண்ணம் பரவியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஹாகர்டும் ஜெல்லினெக்கும் 1942இல் எழுதிய நூலில், மது மனித வித்தைப் பாதிக்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று ஏதுமில்லை என்று கதவை மூடினார்கள். மூடிய கதவுக்குள் வேறு விஷயங்களும் மாட்டிக்கொண்டன. குடிக்கும் தாயின் வயிற்றிலுள்ள சிசுவை மது நேரடியாகச் சிதைக்கும் என்பதும் அதோடு சேர்ந்து மறக்கப்பட்டது. 1968இல் பிரான்சின் நாந்த் நகரத்துக் குழந்தை மருத்துவர் போல் லெமோன், அப்படிப் பாதிக்கப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1973இல் அமெரிக்காவில் ஜோன்ஸும் ஸ்மித்தும் அதற்குப் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அது மரபணுக் கேடு இல்லை, சிசுவுக்கு நேரும் விஷ பாதிப்பு. ஆனாலும் பழைய மருத்துவர்கள் ‘வம்சக் கேடு’ என்று கண்ணால் பார்த்ததில் ஒரு பகுதி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சரி, 1910இன் இரண்டாவது காகிதத்துக்கு வருகிறேன். பாரிஸில் லாமி என்ற மருத்துவர் உணவுக்குழாயிலும் இரைப்பை வாயிலும் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினார். அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பெருங்குடிகாரர்கள், பெரும்பாலும் அப்சிந்த் என்ற பச்சைச் சாராயம் குடித்தவர்கள் என்று குறித்துவைத்தார். 1915இல் பிரான்ஸ் அப்சிந்தைத் தடை செய்தது. அதிலுள்ள எட்டி போன்ற மூலிகைதான் விஷம், திராட்சை மது நல்லது என்ற சமாதானத்தோடு. லாமியின் காகிதம் அலமாரிக்குப் போனது.

எல்லோரும் குடிகாரனின் பிள்ளையை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் குடிகாரனின் தொண்டையைப் பார்த்தார். பதில் அங்கேதான் இருந்தது. ஆனால் அதைப் படிக்க வேதியியல் தெரிய வேண்டியிருந்தது.

அந்த வேதியியல் ரப்பர் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். 1937இல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் ஆலையின் மருத்துவர், அங்கே பயன்படும் ஒரு கந்தகச் சேர்மத்தின் தூசியில் வேலை செய்கிற ஆட்கள் ஒரு கிளாஸ் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துத் தவிக்கிறார்கள் என்று எழுதினார். பத்து வருஷம் கழித்து கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் அதற்குச் சகோதரச் சேர்மமான டைசல்ஃபிராமை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய மருந்தை முதலில் தாங்களே விழுங்கிப் பார்ப்பது அந்தக் கம்பெனியில் வழக்கம். விழுங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாட்களில் எங்காவது விருந்தில் ஒரு வாய் பீர் குடித்தால் போதும், உடம்பு தகதகவென்று எரிந்தது. இருவரும் பேசிக்கொண்டபோதுதான் விஷயம் புரிந்தது. காரணம், ரத்தத்தில் அசிட்டால்டிஹைட் குவிவது. 1948இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு ‘ஆன்டபியூஸ்’ என்று இன்றும் கொடுக்கப்படும் மாத்திரை அதுதான்.

குடித்த மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைட் ஆகிறது. பிறகு இன்னொரு நொதி அதைக் காடி அமிலத்தின் உப்பாக, ஆபத்தில்லாத அசிட்டேட் ஆக மாற்றுகிறது. இரண்டாவது வேலையைச் செய்வதில் முக்கியமான நொதிக்கு ஏ.எல்.டி.எச்.2 என்று பெயர். டைசல்ஃபிராம் அதைத்தான் முடக்குகிறது. முடக்கினால் நடுவில் உள்ள விஷம் தேங்குகிறது.

மாத்திரை எதுவும் போடாமலேயே இப்படித் தவிக்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள், கிழக்காசியாவில். 1972இல் பீட்டர் வுல்ஃப், ஜப்பானியர், தைவானியர், கொரியர் பலருக்கும் கொஞ்சம் மதுவிலேயே முகம் சிவப்பதை அளந்து காட்டினார். குழந்தைகளிடமும் அதே சிவப்பு, ஆகவே பழக்கத்தால் வருவதில்லை. 1981இல் ஹாம்பர்க் நகரில் ஹரடா, அகர்வால், கெட்டே மூவரும் காரணத்தைக் கண்டார்கள்: அவர்களிடம் ஏ.எல்.டி.எச்.2 வேலை செய்வதில்லை. சில வருஷங்களில் அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதும் தெரிந்தது. இன்று உலகில் சுமார் 54 கோடிப் பேரிடம் அந்த மாற்றம் உண்டு. நம்மிடம், வடகிழக்கு மாநிலங்களை விட்டால், அது அபூர்வம்.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்தது ஜப்பானின் குரிஹாமா மருத்துவமனைக் கணக்கை. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்த மாற்றம் பெற்றவர்களால் அநேகமாகக் குடிக்கவே முடியாது, உடம்பே மதுவிலக்கு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் பாதிப் பாதுகாப்பில் இருப்பவர்கள். சிவப்பைத் தாங்கிக்கொண்டால் குடிக்கலாம். ஜப்பானியக் குடிநோயாளிகளில் இவர்களுடைய பங்கு 1979இல் 2.5 சதவீதம். 1986இல் 8. 1992இல் 13. பதின்மூன்று வருஷத்தில் மரபணு மாறிவிடாது. மாறியது ஊர். ஆபீஸ் முடிந்ததும் மேலதிகாரியோடு குடிக்கப் போக வேண்டும், போனால் கிளாஸைக் காலியாக வைக்கக் கூடாது. உடம்பு வேண்டாம் என்கிறது, மரியாதை குடி என்கிறது. ‘வம்சத்தில் இருக்கிறது’ என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

அதே மருத்துவமனையின் அகிரா யோகோயாமா 1990களில் அடுத்ததைக் காட்டினார். அந்தப் பாதிப் பாதுகாப்புக்காரர்கள் தொடர்ந்து குடித்தால் அவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகமாக வந்தது. எச்சிலில் அசிட்டால்டிஹைட் கூடுதல்; ஹெல்சின்கியில் மிக்கோ சலஸ்பூரோ குழு காட்டியபடி, வாயிலுள்ள பாக்டீரியாக்களே மதுவை அதாக மாற்றிவிடுகின்றன, கல்லீரல் வரை போக வேண்டியதே இல்லை. லாமியின் பாரிஸ் குடிகாரர்களின் தொண்டைக்கு விளக்கம் கிடைக்க எண்பது வருஷம் ஆயிற்று. மூலிகை குற்றவாளி இல்லை. எல்லா மதுவிலும் பொதுவாக இருக்கும் எத்தனால்தான்.

அசிட்டால்டிஹைட் செல்லுக்குள் அப்படி என்ன செய்கிறது? 1977இல் பெர்லினில் குன்டர் ஓபெயும் ரிஸ்டோவும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இரண்டையும் விட்டுப் பார்த்தார்கள். எத்தனாலால் குரோமோசோம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; அசிட்டால்டிஹைடால் ஆனது. பைக்குள் நுழையும்போது சும்மா இருந்த ஆள், உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு கத்தி எடுப்பது போல. டி.என்.ஏவின் நான்கு எழுத்துகளில் குவானின் என்ற எழுத்தில் போய் இந்த மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. அதைவிட மோசம், எதிரெதிர் இழைகளிலுள்ள இரண்டு குவானின்களைச் சேர்த்துத் தைத்துவிடும். செல் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ ஜிப்பைப் போலத் திறந்தாக வேண்டும். நடுவில் தையல் இருந்தால் ஜிப் சிக்கும், இழுத்தால் கிழியும். கிழிந்த துண்டுகளைச் செல் அவசரத்தில் ஒட்டும்போது இந்தக் குரோமோசோமின் முனை அந்தக் குரோமோசோமில் போய்ச் சேரும். இப்படிச் சேர்ந்தது தவறான இடமாக இருந்தால் ஒருநாள் புற்றுநோய். 2012இல் மின்னசோட்டாவில் சில்வியா பால்போ குழு, பத்து ஆரோக்கியமான ஆட்களுக்கு அளந்து வோட்கா கொடுத்து வாயின் செல்களை எடுத்துப் பார்த்தது. சில மணி நேரத்துக்குள் இந்த ஒட்டுகள் நூறு மடங்கு வரை ஏறின. ஒருநாளில் இறங்கிவிட்டன.

இறங்குகிறது என்றால் யாரோ பழுது பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோவைத் தேடினால் மறுபடியும் சூரிச் நகரத்துக்கே வந்து சேர்கிறோம். ஃபொரேல் இருந்த அதே ஊரில் 1927இல் கைடோ ஃபன்கோனி என்ற குழந்தை மருத்துவர், ரத்தம் ஊறாமல் மெலிந்துபோன மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார். ஃபன்கோனி ரத்தசோகை என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நோயில், எலும்பு மஜ்ஜை சிறு வயதிலேயே ஓய்ந்துபோகும். ரத்தப் புற்றுநோயும் வாய், தொண்டைப் புற்றுநோய்களும் இளமையிலேயே வரும். ஒரு சொட்டுக் குடிக்காத குழந்தைகளுக்குக் குடிகாரனின் புற்றுநோய். அவர்களிடம் பழுதாகியிருப்பது டி.என்.ஏவின் குறுக்குத் தையலைப் பிரிக்கும் கருவி என்று பிற்பாடு தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து இயக்கும் கருவி அது. ஆனால் அந்தத் தையலை யார் போடுகிறார்கள்? உடம்புக்குள் ஊசியோடு உட்கார்ந்திருப்பது யார்?

2011இல் கேம்பிரிட்ஜில் கே.ஜே. பட்டேல் குழு பதில் சொன்னது. எலிகளில் ஏ.எல்.டி.எச்.2வையும் ஃபன்கோனிக் கருவியையும் ஒருசேர நீக்கினார்கள். அவற்றுக்கு மது கொடுமையான விஷமாயிற்று. கொடுக்காவிட்டாலும் ரத்தப் புற்றுநோய் வந்தது. உடம்பே அன்றாடம் ஆல்டிஹைடுகளை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் காவல் நொதி. அது தவறவிட்டதைச் சரிசெய்யும் இரண்டாவது காவல் ஃபன்கோனி. 2018இல் அவர்கள் ரத்தத்தின் தண்டு செல்களையே தனித்தனியாக எடுத்து மரபணு முழுவதையும் படித்தார்கள். மது கொடுத்த எலிகளில் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறிக் கிடந்தன. நொதி மட்டும் இல்லாத எலிகளில் மதுவால் ஆன சேதம் சாதாரண எலியைவிட நான்கு மடங்கு. ஜப்பானில் ஃபன்கோனி நோயோடு அந்த ஓரெழுத்து மாற்றமும் கொண்ட குழந்தைகளுக்கு மஜ்ஜை இன்னும் சீக்கிரமாக ஓய்ந்ததை அங்கேயுள்ள மருத்துவர்கள் ஏற்கெனவே 2013இல் பதிவு செய்திருந்தார்கள்.

இரண்டு காவலும் சரியாக இருக்கிறவனும் தப்பவில்லை. பெருங்குடி என்பது காவல்காரன் கண்ணயர நேரம் தராமல் திருடர்களை அனுப்பிக்கொண்டே இருப்பது. தினமும் அரை பாட்டில் உள்ளே போகும் உடம்பில் நேற்றுத் தைத்ததைப் பிரிப்பதற்குள் இன்றைக்குத் தையல் விழுகிறது. கியோட்டோவில் செய்ஷி ஒகாவா குழு 2019இல், வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமான உணவுக்குழாய்களின் உட்சுவரைத் துளித்துளியாகப் படித்தது. வயதாக ஆக எல்லோருக்குமே அங்கே மாறிய செல்களின் திட்டுகள் பரவுகின்றன. நிறையக் குடித்துப் புகைத்தவர்களிடம் அந்தப் பரவல் வேகமாக நடந்திருந்தது.

ஆக, மது மனிதனின் மரபுப் பொருளைக் கெடுக்கிறதா என்றால், கெடுக்கிறது. மோரெலும் ஃபொரேலும் நினைத்ததைவிட நேரடியாக, எழுத்து எழுத்தாக. ஆனால் கெடுவது அவனுடைய தொண்டையில், ஈரலில், மஜ்ஜையில் உள்ள பிரதி. அவனோடு சுடுகாட்டுக்குப் போகிற பிரதி. மகனுக்கு வெறியாகவும் பேரனுக்குப் பைத்தியமாகவும் இறங்குகிற ஸோலாவின் வம்ச மரத்துக்கு மனிதர்களிடம் சான்று கிடைக்கவில்லை. சமீப வருஷங்களில் டெக்ஸாஸில் மைக்கேல் கோல்டிங் குழு, தகப்பன் எலிக்கு மது கொடுத்தால் குட்டியின் வளர்ச்சியில் மாற்றம் வருவதாக எழுதிவருகிறது. எழுத்து மாறுவதில்லையாம், எழுத்தின் மேல் வைக்கும் குறிகள் மாறுகின்றனவாம். இருக்கலாம். ஸ்டாக்கர்டின் கினி எலிகளை நினைத்துக்கொண்டு நான் இதைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிக்கிறேன். இதைப் பிடித்துக்கொண்டு யாராவது மறுபடியும் ‘கெட்ட குடி’ என்று பட்டியல் போட ஆரம்பித்தால் என்ற பயமும் உண்டு.

புற்றுநோய் ஆய்வுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்பு, மதுபானங்களைப் புகையிலையும் கல்நாரும் இருக்கும் முதல் வகுப்பில் வைத்த அறிக்கை 1988இல் வெளியானது. குடிப்பதால் உண்டாகும் அசிட்டால்டிஹைடையும் 2009இல் அங்கேயே சேர்த்தது. 2020இல் மட்டும் உலகில் 7,41,300 புற்றுநோய்கள் மதுவால் வந்தவை என்று அதன் கணக்கு. அதே 1988இல் அமெரிக்கா மதுப்புட்டிகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டம் போட்டது. கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது, பிள்ளை ஊனமாகப் பிறக்கலாம். வண்டி ஓட்டுவதும் இயந்திரம் இயக்குவதும் கெடும். உடல்நலக் கோளாறுகள் வரலாம். புற்றுநோய் என்ற சொல் இல்லை. அங்கும் பிள்ளைக்குத்தான் முதல் இடம், குடிக்கிறவனின் தொண்டைக்கு இடமில்லை. அயர்லாந்து புற்றுநோய் என்ற சொல்லோடு ஓர் எச்சரிக்கையை 2023இல் சட்டமாக்கி, 2026இல் அமலாகும் என்றது. பிறகு 2028க்குத் தள்ளிவைத்தது. அமெரிக்காவின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, பதவியிலிருந்து போவதற்குச் சில நாட்கள் முன்பு, 2025 ஜனவரியில், அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி கேட்டு அறிக்கை வெளியிட்டார். வாசகத்தை மாற்ற வேண்டுமானால் அங்கே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டும். அவர்களுடைய பாட்டில்களில் இருப்பது 1988இல் எழுதியதுதான்.